பழுப்புச் சுவரும் வெள்ளை விளக்கும்

ஹாலுக்குப் பழுப்பு அடிக்கலாம் என்றதும் பெயின்டர் அண்ணன் பட்டித் தகட்டைக் கீழே வைத்துவிட்டார். "வேணாம்மா, வீடு குகை மாதிரி ஆயிடும். க்ரீமே அடிச்சுடலாம்." பல வருட அனுபவம் உள்ளவர். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம்பிக்கை: பழுப்பு அடித்தால் வீடு இருண்டுவிடும்.

உண்மை: எந்தப் பழுப்பு, எந்த விளக்கு என்பதைப் பொறுத்தது. ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதற்கு எல்.ஆர்.வி. என்றொரு அளவு உண்டு. முழுக் கறுப்புக்கு 0, தூய வெள்ளைக்கு 100. வறுத்த காப்பிக் கொட்டை நிறம் அதில் மிகக் கீழே நிற்கும். பால் தூக்கலாகப் போட்ட டீயின் நிறம் பாதிக்கு அருகே வந்துவிடும். இரண்டையும் 'பிரவுன்' என்று ஒரே பெயரில் அழைப்பதால்தான் இவ்வளவு பயம்.

விளக்கு இன்னும் முக்கியம். நம் வீடுகளில் பெரும்பாலும் எரிவது 6500 கெல்வின் வெள்ளை விளக்கு. அதில் நீலம் அதிகம், சிவப்பு குறைவு. பழுப்போ சிவப்பையும் ஆரஞ்சையும் திருப்பித் தந்தே உயிர் பெறும் நிறம். விளக்கு கொடுக்காததைச் சுவர் எங்கிருந்து தரும்? அன்று சாயங்காலம் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அளவில் இரண்டு கோட் அடித்து, டியூப்லைட்டில் பார்த்தோம். சாம்பல் கலந்த சேறு. டியூப்லைட்டை அணைத்துவிட்டு 3000 கெல்வின் மஞ்சள் பல்பு ஒன்றைப் போட்டேன். அதே சதுரம் சுட்ட ஓட்டின் நிறத்துக்கு வந்தது. அண்ணன் கிட்டே போய் விரலால் தொட்டுப் பார்த்தார். "வேற கலரா இருக்கேம்மா" என்றார்.

நம்பிக்கை: மண் நிறம் என்றால் இயற்கைப் பெயின்ட்.

உண்மை: பெயரில் மட்டும்தான் மண். டப்பாவில் இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக் எமல்ஷன். நிறம் தருவது இரும்பு ஆக்சைடு; அது ஆலையில் செய்ததாகவும் இருக்கலாம். அதனால் தரம் குறைவு என்று நினைக்க வேண்டாம். இரும்பு ஆக்சைடு வெயிலில் எளிதில் வெளுக்காது. விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலையில் பாறையில் காவியால் தீட்டிய ஓவியங்களை இன்றும் பார்க்கலாம். காவிக்குச் சிவப்பைத் தருவதும் இதே இரும்பு ஆக்சைடுதான்.

நம்பிக்கை: அடர்நிறம் சூட்டை இழுக்கும்.

உண்மை: வெயில் நேராக விழும் வெளிச்சுவருக்கும் மொட்டைமாடிக்கும் அது சரி. வெயில் படாத உள்சுவரில் பெரிய வித்தியாசம் இருக்காது.

நம்பிக்கை: பழுப்பில் அழுக்கு தெரியாது.

உண்மை: டீக்கறை மறையும். வெள்ளையாக எது பட்டாலும் பளிச்சென்று தெரியும்: தூசி, சுண்ணாம்பு, குழந்தையின் சாக்பீஸ். மேட் பூச்சென்றால் நாற்காலி உரசிய தடம்கூடப் பளபளவென்று நிற்கும். எல்லாவற்றையும்விட மோசமானது, ஈரம் ஏறிய சுவரில் பூக்கும் உப்பு. க்ரீம் சுவரில் கண்ணுக்குப் படாமல் போகும் அந்த வெள்ளைப் பொருக்கு, பழுப்பில் மாவு கொட்டியதுபோல் தெரியும். முதலில் கசிவை அடைக்க வேண்டும், சுவர் முழுக்கக் காய வேண்டும், பிறகுதான் பட்டியும் பிரைமரும். எங்கள் ஹால் முடிந்துவிட்டது. குளியலறையை ஒட்டிய சுவர் மட்டும் மழைக்காலம் முடியட்டும் என்று சுரண்டிய நிலையிலேயே நிற்கிறது.