பத்துக் கோலும் இரண்டு காசும்: சுமையைச் சொல்லும் அட்டைகளை வாசிப்பது எப்படி

டாரட் அட்டைகள் கல்முனைக் கரைக்கு வருவது பெரும்பாலும் கைப்பேசி வழியாகத்தான். திரையில் இரண்டு படங்கள் வந்து விழும், ஒரு குரல் பலன் சொல்லும். அப்படி வரும் சோடிகளில் ஒன்று கோல்களில் பத்தும் காசுகளில் இரண்டும். முதலாவது சுமை, இரண்டாவது சமநிலை, ஆகவே கஷ்டம் தீர்ந்து எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தக் குரல் முடிக்கும். படங்களை நிதானமாகப் பார்த்தால் அவை இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்வது தெரியும்: சுமையைக் குறைக்காமல் சமநிலை தேடுபவன் இன்னொரு சுமையைத்தான் ஏற்றிக்கொள்கிறான்.

முதலில் மார்க்கத்தின் பக்கத்திலிருந்து வரும் கேள்வி. அம்பெறிந்து குறி பார்ப்பதை அல்மாயிதா அத்தியாயம் இரண்டு இடங்களில் (5:3, 5:90) விலக்குகிறது. குறிகாரனிடம் போய்க் கேட்டவரின் தொழுகை 40 இரவுகளுக்கு ஏற்கப்படாது என்ற ஹதீஸ் முஸ்லிம் கிரந்தத்தில் இருக்கிறது. எனவே அட்டையிடம் நாளையைக் கேட்பது கூடாது. இதில் சமாளிப்புக்கு இடமில்லை. அட்டையின் வரலாறும் அதையே சொல்கிறது. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்த சீட்டு விளையாட்டு. 1781இல் கூர் த ஜெபலன் என்ற பிரெஞ்சுக்காரர் அதை எகிப்தியரின் மறைஞானம் என்று ஆதாரமில்லாமல் எழுதிய பிறகுதான் குறி பார்க்கும் பழக்கம் ஐரோப்பாவில் பரவியது. இன்று பரவலாகக் காணும் படங்களை 1909இல் இலண்டனில், ஆர்தர் வெயிட்டின் திட்டப்படி, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்தார். ஓர் ஓவியர் மனித வாழ்க்கையைப் பார்த்து வரைந்த காட்சிகளாக மட்டுமே அவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம். அதுவும் மனதுக்கு உறுத்தலாக இருந்தால் அட்டையை விட்டுவிட்டு, கீழே சொல்லும் தாள் வேலையை மட்டும் செய்யுங்கள். பலன் குறையாது.

பொருள் அகராதியைத் திறக்கும் முன் படத்தைப் பாருங்கள். பத்துக் கோல்களைச் சுமப்பவன் அவற்றைத் தோளில் வைக்கவில்லை, கட்டவும் இல்லை. இரு கைகளாலும் அணைத்து, முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறான். தூரத்தில் வீடு தெரிகிறது, ஆனால் அவனுக்குத் தெரியாது. கோல்கள் கண்ணை மறைக்கின்றன. ஆக, பாரத்தோடு அதைப் பிடித்திருக்கும் விதமும் அவனை வருத்துகிறது. அடுத்த அட்டையில் ஓர் இளைஞன் எட்டு வடிவ வளையத்துக்குள் இரண்டு காசுகளை மாற்றி மாற்றி ஆட்டுகிறான். ஒரு கால் தரையில் இல்லை. பின்னால் பெரிய அலைகளில் இரண்டு கப்பல்கள் ஏறி இறங்குகின்றன. இதை ஓய்வு என்று எப்படிச் சொல்வது? அவன் நிறுத்தினால் காசு விழும். இருந்தும் அவனால் முடிகிறதென்றால், கையில் இருப்பவை இரண்டே என்பதால்தான்.

பிறகு வரிசை. பத்து முன்னும் இரண்டு பின்னும் வந்தால், எதை இறக்கலாம் என்பது கேள்வி. இரண்டு முன்னால் வந்தால், சமாளித்துக்கொண்டிருந்தவை எப்படிப் பத்தாகப் பெருகின என்பது கேள்வி. வந்த வரிசையில் ஒரு தரமும் மாற்றி ஒரு தரமும் வாசியுங்கள், இரண்டு கேள்வியும் வேண்டும். இந்தச் சோடி தனக்கென்றே வந்ததாக எண்ண வேண்டாம். 78 அட்டைகளில் 3003 சோடிகள் உண்டு, எந்தச் சோடிக்கும் வாய்ப்பு ஒன்றேதான்.

இனி ஒரு தாளை எடுத்து, சுமக்கும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். அதற்கு எதிரே இது யார் வைத்தது, எந்தத் திகதியில் முடியும், வேறு யார் பிடிக்கலாம் என்று மூன்று பதில்கள். நம் கரையில் இந்தத் தாளின் முதல் வரி பல வீடுகளில் ஒன்றாகவே இருக்கும்: பெண்பிள்ளைக்குச் சீதன வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதும், வீட்டைப் பெண் தரப்பு கொடுப்பதும் இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உள்ள வழமை. அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாகப் பதிந்திருக்கிறார். 2004 டிசம்பர் 26 சுனாமி கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையில் இந்த வீடுகளையும் அள்ளிக்கொண்டு போனது. கட்டி முடித்த வாப்பாமார் மறுபடி அத்திவாரத்தில் நின்றார்கள். இரண்டு குமர் இருக்கும் வீட்டில் காக்கா கட்டாருக்குப் போகிறார், உம்மாவின் நகை அடகுக்குப் போகிறது, சீட்டுக்காசு பேங்க் லோனுக்குப் போகிறது. இவற்றைத் தனித்தனி வரியாக எழுதினால், நகையும் லோனும் சீட்டும் ஒரே வீட்டின் கிளைகள் என்பது தெரியவரும். அப்போது கேட்க வேண்டியதும் மாறும். மூன்று அறையை இரண்டாக்கலாமா, மேல்மாடியைப் பின்னுக்குத் தள்ளலாமா என்று பேச்சு வரும். வீடு தராவிட்டால் கல்யாணம் இல்லை என்று சொல்லும் குடும்பத்தைச் சந்தோஷப்படுத்துவது உங்கள் கடமைதானா என்றும் வரட்டும்.

“பார்த்தது அப்படியே பலித்ததே” என்பார்கள். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குணவிவரிப்பைக் கொடுத்து, அது அவரவருக்கென்றே எழுதப்பட்டது என்றார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் 5க்குக் கொடுத்த சராசரிப் புள்ளி 4ஐத் தாண்டியது. “நீங்கள் அதிகம் சுமக்கிறீர்கள்” என்ற வாக்கியம் யாருக்குத்தான் பொருந்தாது? அதனால்தான் தாளில் தொகையும் திகதியும் ஆளின் பெயரும் வேண்டும்.

“சபூர் செய்ய வேண்டியதுதானே, சுமையைக் கணக்குப் பார்ப்பது என்ன?” என்பது இதைவிடக் கனமான மறுப்பு. எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்கிறது குர்ஆன் (2:286). ஊர் வாயும் போட்டி மனசும் வைத்த பாரத்துக்கு அந்த வாக்குறுதியைச் சாட்சியாக அழைப்பது நியாயமில்லை. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபூதர்தாவிடம் உடம்புக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்று ஸல்மான் சொன்னதையும், நபியவர்கள் அதைச் சரி என்றதையும் புகாரியில் காணலாம். வணக்கத்துக்கே அளவு உண்டென்றால் மேல்மாடிக்கு இல்லாமல் போகுமா? கடனாளி கஷ்டத்தில் இருந்தால் அவகாசம் கொடுக்கச் சொல்லும் வசனமும் (2:280) இருக்கிறது. அவகாசம் கேட்பதில் வெட்கமில்லை.

தாள் முடிந்ததும் அதைத் தனியே வைத்துக்கொள்ளாதீர்கள். இஸ்திகாரா தொழுங்கள். வீட்டில் மஷூரா செய்யுங்கள், கட்டாரில் இருக்கும் காக்காவையும் போனில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த ஒரு வரியை இந்த மாதம் வெட்டுவது, எதை யார் பிடிப்பது என்று அன்றைக்கே முடிவெடுத்து, அதைத் தாளிலேயே எழுதி வையுங்கள்.