ஓப்பன் சோர்ஸில் ஊரார் லோகோ

இரண்டடுக்கு உள்நுழைவுக்கான ஆறு இலக்க எண்ணைக் காட்டும் சிறிய ஓப்பன் சோர்ஸ் செயலி ஒன்றை நண்பர்கள் சிலரோடு சேர்ந்து பராமரித்து வருகிறேன். அதன் திரையில் வங்கி, மின்னஞ்சல், சமூக வலைத்தளம் என்று கணக்குகள் வரிசையாக நிற்கும். பக்கத்திலேயே அந்தந்த நிறுவனத்தின் லோகோ இருந்தால், பெயரைப் படிக்காமலே கண் கண்டுபிடித்துவிடும். அதனால் எங்களுக்கு வரும் புல் ரிக்வெஸ்ட்களில் லோகோவுக்குப் பஞ்சமே இல்லை. புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணா, இந்த ஐகான் சிசி0 லைசென்ஸ்லதானே இருக்கு, அப்புறம் என்ன?”

நான் வக்கீல் அல்ல. ஆனால் அந்த ‘அப்புறம் என்ன’வுக்குப் பதில் தேடியதில் கற்றவை சில உண்டு.

ஒரு படத்துக்கு இரண்டு பூட்டு

ஒரு லோகோவின் மேல் இரண்டு தனித்தனிச் சட்டங்கள் வேலை செய்கின்றன. வரைந்த படத்தைப் பிரதியெடுப்பதைப் பற்றியது பதிப்புரிமை. அந்தப் படத்தைப் பார்க்கிறவர் ‘இது இன்னாருடைய பொருள்’ என்று நம்புவதைப் பற்றியது டிரேட்மார்க். ஓப்பன் லைசென்ஸ்கள் திறந்துவிடுவது முதல் பூட்டைத்தான்.

இதை லைசென்ஸ்களே சொல்கின்றன. அப்பாச்சி 2.0-இன் 6-வது பிரிவு, டிரேட்மார்க்கைப் பயன்படுத்த அனுமதி தரவில்லை என்கிறது. மென்பொருள் எங்கிருந்து வந்தது என்று வழக்கம்போல் குறிப்பிடுவதற்கு மட்டும் விலக்கு. சிசி0, டிரேட்மார்க் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுதி வைத்திருக்கிறது. சிசி பை 4.0-உம் அப்படியே. எம்ஐடி லைசென்ஸ் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை. எடுக்காததை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சிம்பிள் ஐகான்ஸ் தொகுப்பு சிசி0-வில் கிடைக்கிறது. ஆனால் எஸ்விஜி வரைந்த தன்னார்வலர் விட்டுத்தர முடிவது தன் பங்கு உரிமையை மட்டுமே. நிறுவனத்தின் உரிமையைத் தூக்கிக் கொடுக்க அவர் யார்? அந்தத் தொகுப்பே இதைத் தன் பொறுப்புத்துறப்பில் சொல்கிறது. நிறுவனங்கள் ஆட்சேபித்தபோது ஐகான்களை நீக்கியும் இருக்கிறது. லூசிட் தொகுப்பு பிராண்ட் லோகோக்களை ஏற்பதையே நிறுத்திவிட்டது.

டெபியன் சொல்லித்தந்த பாடம்

இரண்டு பூட்டும் ஒன்றாகச் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃபயர்ஃபாக்ஸ் கதையைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். நிரல் சுதந்திர மென்பொருள். லோகோ படமோ அன்று சுதந்திர லைசென்ஸில் இல்லை. அதனால் டெபியன் லினக்ஸ், லோகோவை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்து வெளியிட்டது. 2006-இல் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொஸில்லா, பெயரைப் பயன்படுத்தினால் லோகோவும் சேர்ந்தே வர வேண்டும், நிரலில் செய்யும் திருத்தங்களுக்கும் ஒப்புதல் வேண்டும் என்றது. டெபியன் பெயரையே மாற்றி ‘ஐஸ்வீசல்’ ஆக்கியது. ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயர் டெபியனுக்குத் திரும்பி வர 2016 ஆயிற்று.

டெபியனின் சொந்தச் சுழி லோகோவும் நெடுங்காலம் முழுச் சுதந்திர லைசென்ஸில் இல்லை. 2012-இல்தான் எல்ஜிபிஎல் 3 அல்லது சிசி பை-எஸ்ஏ 3.0 என்று திறந்துவிட்டார்கள். டிரேட்மார்க் உரிமையை அப்போதும் கையில் வைத்துக்கொண்டார்கள். முதல் பூட்டைத் திறந்து இரண்டாவதைப் பூட்டியே வைக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பெயர் போதுமா என்று முதலில் கேளுங்கள்

அடுத்தவர் பொருளைச் சுட்டிக்காட்ட அவர் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சட்டத்துக்கும் அது தெரியும். இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 30-வது பிரிவு, ஒரு பொருள் இன்னொன்றோடு பொருந்தும் என்று காட்ட நியாயமாகத் தேவைப்படும் பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. பார்க்கிறவரைக் குழப்பக் கூடாது.

அமெரிக்காவில் 1969-இல் ஒரு வழக்கு. ஃபோக்ஸ்வாகன் கார்களைப் பழுதுபார்க்கும், கம்பெனியைச் சாராத பட்டறைக்காரர் ஒருவர் விளம்பரத்தில் அந்தப் பெயரைப் போட்டிருந்தார். கம்பெனி வழக்குத் தொடுத்தது. தீர்ப்பு பட்டறைக்காரர் பக்கம். அவர் வட்டத்துக்குள் இருக்கும் அந்த லோகோவையோ கம்பெனியின் எழுத்து வடிவத்தையோ எடுத்தாளவில்லை என்பதையும் நீதிமன்றம் கணக்கில் கொண்டது. தேவையான அளவுக்கு மேல் எடுக்காதே என்பதுதான் இதன் சாரம். ‘இந்தச் செயலி இன்ன சேவையோடு இயங்கும்’ என்று ரீட்மீயில் எழுதப் பெயர் போதும். அங்கே லோகோ கேட்டு வரும் புல் ரிக்வெஸ்ட்களை நாங்கள் சேர்ப்பதில்லை.

கணக்குப் பட்டியலில் கதை வேறு. ஏகப்பட்ட வரிகளுக்கு நடுவே தேடும்போது லோகோ உண்மையாகவே உதவுகிறது. அந்தக் கணக்கை மட்டுமே சுட்டுகிறது. அதே லோகோ எங்கள் செயலியின் ஐகானிலோ ஸ்டோரில் போடும் படத்திலோ ஏறினால், அந்த நிறுவனமே வெளியிட்ட செயலி என்று பயனர் நினைப்பார். உள்ளே பட்டியலில் இருக்கலாம், முகப்பில் கூடாது. எங்கள் குழுவில் விவாதமே இல்லாமல் ஓடும் விதி இது.

நிறத்தில் கை வைக்கும் முன்

வடிவமைப்பாளருக்கு எல்லா ஐகானும் ஒரே நிறத்தில், ஒரே தடிமனில் இருக்க ஆசை. டார்க் மோடில் எல்லாம் வெள்ளையாக மாற வேண்டும். நிறுவனங்களின் பிராண்ட் விதிகளோ நிறத்தை மாற்றாதே, சாய்க்காதே, சுற்றிலும் இடம் விடு என்கின்றன. கூகுள் உள்நுழைவுப் பொத்தானில் வரும் பல வண்ண ‘ஜி’ எழுத்துக்கு நாம் வேறு நிறம் பூச அனுமதியில்லை. கிட்ஹப் தன் சின்னத்தைத் தன் தளத்துக்கான இணைப்பாகக் காட்ட விடுகிறது. அதை நம் செயலியின் ஐகானாக்க விடுவதில்லை. ஆப்பிள் நிறுவனத்தின் எஸ்எஃப் சிம்பல்ஸ் ஐகான் தொகுப்பை லோகோவிலும் செயலி ஐகானிலும் பயன்படுத்தக் கூடாது என்று அதன் லைசென்ஸே சொல்கிறது.

ஆகவே எங்கள் வழி இது: நிறுவனம் தானே தரும் ஒற்றை நிற வடிவம் இருந்தால் அதை எடுப்போம். இல்லையென்றால் மூல நிறத்திலேயே ஒரு வெளிர் கட்டத்துக்குள் வைப்போம். இரண்டும் சரிவராவிட்டால் பெயரின் முதல் எழுத்தை வண்ண வட்டத்தில் போடுவோம். கடைசியாகச் சொன்னதைப் பயனர்கள் யாரும் குறையாகச் சொன்னதில்லை.

தனி அறையில் வையுங்கள்

பலன் அதிகம் தந்த பழக்கம் இதுதான். லோகோக்கள் எல்லாம் தனி ஃபோல்டரில், முடிந்தால் தனி ரெப்போவில். அங்கே ஒரு குறிப்பு: ‘இவை அந்தந்த உரிமையாளரின் டிரேட்மார்க், இந்தத் திட்டத்தின் லைசென்ஸ் இவற்றுக்குப் பொருந்தாது.’ ஒவ்வொரு கோப்புக்கும் எங்கிருந்து எடுத்தோம், எந்தத் தேதியில், அன்றைய பிராண்ட் விதி எது என்று பக்கத்திலேயே சிறு உரைக்கோப்பு.

பெரிய திட்டங்களும் இப்படித்தான் செய்கின்றன. வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருள், பிராண்ட் படங்களுக்குத் தனி ரெப்போ வைத்திருக்கிறது. எங்களுடையதைப் போலவே உள்நுழைவு எண் காட்டும் ஏஜிஸ் செயலியில் ஐகான் தொகுப்பைப் பயனரே வெளியிலிருந்து இறக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். லைசென்ஸ் குறிப்பைக் கோப்போடு சேர்த்து வைக்க, ஐரோப்பியச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் ‘ரீயூஸ்’ முறை கைகொடுக்கும்.

எங்களுக்கும் ஒருமுறை ஒரு நிறுவனத்திடமிருந்து லோகோவை எடுக்கச் சொல்லி மடல் வந்தது. அது உண்மையிலேயே அவர்களுடைய டொமைனிலிருந்துதான் வந்ததா என்று பார்த்தோம், கோப்பை நீக்கினோம், முதல் எழுத்து வட்டம் தானாக வந்து நின்றது. மரியாதையாக இரண்டு வரி பதில் போட்டோம். வாதாடியிருக்கலாம், சட்டம் நம் பக்கம் இருந்திருக்கவும் கூடும். ஆனால் தன்னார்வலர்களின் ஓய்வு நேரத்தை ஒரு சிறு ஐகானுக்காகச் செலவழிப்பது வீண்.

லோகோக்களுக்கு ஆயுளும் குறைவு. 2023 ஜூலையில் ட்விட்டர் குருவி போய் எக்ஸ் வந்ததே, அன்று தனி ஃபோல்டர் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரே ஒரு கோப்பு மாற்றம்.

பொதுச் சின்னம் என்று நம்பி ஏமாறாதீர்கள்

மருத்துவச் செயலிக்குச் சிவப்புச் சிலுவை போடுவது பலருக்குக் கைப்பழக்கம். அது 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் காக்கும் சின்னம்; இந்தியாவில் 1960-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. ‘பிரிசன் ஆர்க்கிடெக்ட்’ என்ற விளையாட்டில் அது இடம்பெற்றதைப் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் சுட்டிக்காட்ட, உருவாக்கியவர்கள் 2017-இல் நிறத்தை மாற்றினார்கள். முதலுதவிக்குப் பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை இருக்கிறது. புளூடூத் சின்னமும் பதிவு பெற்ற டிரேட்மார்க்தான்.

நம் லோகோவுக்கும் ஒரு விதி

டிரேட்மார்க் பெரிய கம்பெனிகளின் ஆயுதம் என்றே நினைத்துவிடக் கூடாது. 2014-இல் குரூப்பான் நிறுவனம் ‘நோம்’ என்ற பெயரில் டேப்லெட் கொண்டுவந்தபோது, அந்தப் பெயரை ஏற்கெனவே வைத்திருந்த லினக்ஸ் திட்டம் எதிர்த்து நின்றது. குரூப்பான் விண்ணப்பங்களைக் கைவிட்டது. நம் நிரலை எடுத்து வேவு நிரலைச் செருகி, நம் பெயரிலேயே, நம் ஐகானோடு ஒருவர் ஸ்டோரில் போட்டால் நமக்கும் கைகொடுப்பது இதே சட்டம்தான். பதிப்புரிமை லைசென்ஸில் பிரதியெடுக்க நாமே அனுமதி தந்துவிட்டோமே!

ஆகவே ரெப்போவில் ஒரு பக்கக் கோப்பு எழுதி வையுங்கள். நிரலை யாரும் ஃபோர்க் செய்யலாம். மாற்றி வெளியிடுகிறவர் பெயரையும் லோகோவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டுரையிலும் பாடத்திலும் நம் லோகோவைக் காட்டலாம். இந்த மூன்று வரி போதும். எழுதி முடித்ததும், அடுத்தவர் லோகோக்கள் இருக்கும் உங்கள் ஃபோல்டரைத் திறந்து, அதே மூன்று வரியை அவற்றுக்கும் பொருத்திப் பாருங்கள். எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.