தொலைவானில் மீன் பிறப்பு

வானத்தை அறியக் கண்ணொன்றே கருவி என மாந்தர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1932-இல் கார்ல் ஜான்ஸ்கி என்னும் அமெரிக்கப் பொறியாளர், வானிலிருந்து ரேடியோ அலைகளும் வருதலைக் கண்டார். அன்று முதல் வான்நூலார்க்குச் செவியும் வாய்த்தது எனலாம். வலிய ரேடியோ அலைகளைப் பரப்பும் விண்மீன் மண்டலங்கள் ரேடியோ மண்டலங்கள் எனப்படும். அவற்றின் நடுவே பல கோடி ஞாயிறுகளின் பொருண்மை கொண்ட கருந்துளை உளது. அதனை நோக்கி விழும் வாயுவில் ஒரு பகுதி, உள்ளே புகாது, இருபுறமும் தாரைகளாய்ப் பெருவிரைவுடன் பாய்கின்றது.

மீன் பிறத்தற்கு வேண்டுவது குளிர்ந்த வாயு. அதுவே தன் ஈர்ப்பினால் ஒடுங்கித் திரண்டு விண்மீனாகும். வெம்மையுற்றதோ ஒடுங்காது விரியும். தாரைகள் வாயுவைச் சூடேற்றிச் சிதறடிப்பன. ஆதலின் ரேடியோ மண்டலங்களில் புதுமீன்கள் அரியவாதல் வேண்டும். அண்மையிலுள்ள பலவற்றில் அவ்வாறே காணப்படுகின்றது. தொலைவிலுள்ளவையோ வேறு கதை கூறுகின்றன.

ஹைட்ரா என்னும் விண்மீன் கூட்டத்தின் திசையில் சிலந்திவலை மண்டலம் உளது. சிறு மண்டலங்கள் பல, வலையிற் சிக்கிய பூச்சிகளைப் போல, நடுவிலுள்ள பெரியதனை நோக்கி ஈர்க்கப்படுதலின் அப்பெயர் பெற்றது. அதன் ஒளி இங்கு வந்தடைய ஏறத்தாழ 1,060 கோடி ஆண்டுகள் ஆயின. அவ்வொளி புறப்பட்டபோது ஞாயிறும் இல்லை, நிலவுலகும் இல்லை.

பிறக்கும் மீன்களைத் தூசி மறைக்கும். ஆயினும் சூடேறிய தூசி அகச்சிவப்புக் கதிர்களை வீசும். 2009-இல் ஏவப்பட்ட ஹெர்ஷல் விண்தொலைநோக்கி அக்கதிர்களை அளந்தது. அங்கே ஆண்டுதோறும் ஆயிரம் ஞாயிறுகளுக்கு மேற்பட்ட பொருள் மீன்களாவது தெரியவந்தது. நம் பால்வழி மண்டலத்தில் அது ஞாயிறு இரண்டொன்றின் அளவே!

இத்துணைக்கும் வாயு எங்கிருந்து வந்தது? குளிர்ந்த ஹைட்ரஜன் தன்னை எளிதிற் காட்டாது. அதனுடன் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு மெல்லிய ரேடியோ அலைகளை வீசும். அதனைத் தேடியோர் 2016-இல் வியத்தகு செய்தியொன்றை வெளியிட்டனர்: மண்டலங்களின் உள்ளே மட்டுமன்று, அவற்றின் இடைவெளியிலும் குளிர்வாயு பரந்து கிடக்கின்றது, அதன் பொருண்மை ஏறத்தாழ 10,000 கோடி ஞாயிறுகள். கார்பனும் ஆக்சிஜனும் மீன்களின் உள்ளே சமைக்கப்படுவன. ஆகவே அவ்வாயுவில் முன்னர் மாய்ந்த மீன்களின் எச்சமும் உண்டு.

தாரை எப்போதும் அழிப்பதுமன்று. அண்மையிலுள்ள என்.ஜி.சி. 541 என்னும் மண்டலத்திலிருந்து பாயும் தாரை, வழியிலிருந்த வாயுத்திரளை மோதி அழுத்தியது. அவ்விடத்தில் இளமீன்கள் நீலநிறத்துடன் ஒளிர்கின்றன.