வேலை போனால் வீடும் போகுமா?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகளுக்காக, அரசுத் திட்டத்தில் தனியார் வாடகைக் குடியிருப்பு கட்டுகிறார்களாமே, நல்லதுதானா? – ஒரு வாசகி, திருச்சுழி

பதில்: வானம் பார்த்த பூமியிலிருந்து கிளம்பும் பிள்ளைக்கு முதல் கவலையே தங்க இடம்தான். அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

2020இல் மத்திய அரசு கொண்டுவந்த மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டப்படி, தனியார் தன் நிலத்தில் கட்டி 25 ஆண்டு வாடகைக்கு விடலாம். தொடக்க வாடகையை நிர்ணயிப்பதும் அவரே. பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 8 சதவீதம் வரை உயர்த்தலாம். ஐந்தாண்டில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 3,000 ரூபாய் வாடகை நான்கே ஆண்டில் கிட்டத்தட்ட 3,500ஐத் தொடலாம். சம்பளமும் அப்படி ஏறுமா என்பதை கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும்!

வீடுகளைத் தனியாரிடம் விட்டால் என்ன நேரலாம் என்பதற்கு வெளிநாட்டு அனுபவம் ஒன்று உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் 2006இல் சுமார் 48,000 நகராட்சி வீடுகளை அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு மொத்தமாக விற்று, கடனை அடைத்தது. குடியிருப்போரைக் காக்கும் நிபந்தனைகள் ஒப்பந்தத்தில் இருந்தும், அவை மீறப்பட்டதாக நகரமே பின்னர் வழக்குப் போட்டது. 2017இல் மறுபடியும் சொந்தமாக ஒரு வீட்டு நிறுவனத்தைத் தொடங்கியது.

நம் ஊரில் பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை, குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. ஆனால் கம்பெனி தன் ஊழியருக்கு வேலை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கொடுக்கும் சொந்த இடத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது; வேலை போனால் அறையும் போகலாம். தண்ணீர் மோட்டார் பழுதானால் யார் செலவு, காலி செய்ய எத்தனை நாள் அவகாசம் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள்.