ஜனாஸா வீட்டுக் காரும் வியாபாரியின் அவசரமும்

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த விடயம். பழைய கார் வைத்திருந்த ஒருவர் மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி வந்தால், 'இன்னாலில்லாஹி' சொல்லி வாய் மூடுவதற்குள் 'அந்தக் கார் என்னவாகும்?' என்ற கேள்வியும் மனதில் எழுந்துவிடும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பஞ்சிகாவத்தையில் முப்பது வருடங்களுக்கு மேலாகப் பழைய வாகனங்களின் உதிரிப்பாகம் விற்பவன் நான். இடையிடையே ஒரு மொரிஸ் மைனரோ ஒஸ்டினோ கைக்கு வந்தால் திருத்தி விற்பதும் உண்டு. எனக்கும் அந்தக் கேள்வி எழும். எழுவது குற்றமல்ல. அதை எப்போது கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம், எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் வியாபாரமும் இருக்கிறது, மனிதத்தன்மையும் இருக்கிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறக்கப்படும் வரை, நாட்டில் ஓடிய எல்லா வாகனத்துக்கும் விலை ஏறியது. கொட்டிலில் தூசி படிந்து கிடந்த மைனருக்குக்கூடத் தரகர்கள் வரிசையில் வந்தார்கள். அந்த ஓட்டத்தில் நல்ல மனிதர்கள் சிலரும் நிதானம் இழந்ததைப் பார்த்தேன். அதனால்தான் இந்த வாரம் இதை எழுத நினைத்தேன்.

1996இல் நான் செய்த பிழை

கண்டி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் எனது கடைக்கு மைனர் சாமான் வாங்க வருவார். அவரிடம் இருந்தது 948 சீசீ எஞ்சினுடன் கூடிய மைனர் 1000. ஸ்ரீ நம்பர், எஞ்சின் மாற்றாதது. சுத்தமான கார். அவர் வஃபாத்தான ஏழாம் நாள் நான் ஒரு தரகரோடு அந்த வீட்டுக்குப் போனேன். சட்டைப் பையில் காசு இருந்தது.

மூத்த மகன் அப்போது வியாபாரத்தில் கடன்பட்டிருந்தார். 85,000 ரூபாவுக்கு உடனே சம்மதித்தார். அதிபர் முன்னொரு காலத்தில் விற்க நினைத்துக் கையொப்பமிட்டு வைத்த 'ஓபன் பேப்பர்' மேசை லாச்சிக்குள் இருந்தது. திகதி போடாத தாள். எனக்கு அது வசதியாகப் பட்டது. அன்று மாலையே காரை ஸ்டார்ட் பண்ணி வெளியே எடுத்தேன்.

எஞ்சின் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள்ளிருந்து ஓர் அழுகை வந்தது. அதிபரின் மனைவி. முப்பது வருடமாக அந்தச் சத்தம் கேட்டால் கணவர் வீட்டுக்கு வருகிறார் என்றுதான் அவருக்கு அர்த்தம். கார் விற்கப்பட்டது அவருக்குத் தெரியாது. நான் காரை நிறுத்தவில்லை. இதை எழுதும்போதும் அது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காரைக் கொழும்பில் ஒருவருக்கு 120,000 ரூபாவுக்கு விற்றேன். 35,000 ரூபா இலாபம் என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு மாதத்தில் கட்டாரிலிருந்து இளைய மகன் வந்தார். 'எனது வாப்பாவின் காரில் எனக்கும் உம்மாவுக்கும் தாத்தாவுக்கும் பங்கிருக்கிறது. யாரைக் கேட்டு வாங்கினீர்கள்?' என்று கேட்டார். இறந்தவரின் கையொப்பத்துக்கு மேல், அவர் இறந்த பின்னான திகதியை நிரப்பிய தாளை வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்வது? விடயம் அந்த ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகிகள் வரை போனது. கொழும்புக்காரர் அதற்குள் பெயின்ட் அடித்திருந்தார். 150,000 கேட்டார், கொடுத்தேன். காரைக் கொண்டுபோய் ஒப்படைத்தேன். மூத்த மகன் எனது 85,000 ரூபாவைத் தவணை தவணையாகத் திருப்பித் தந்தார். கணக்குப் பார்த்தால் 30,000 ரூபா நட்டம். அதன் பிறகு அந்த ஊரிலிருந்து ஒருவர்கூட எனது கடைக்கு வரவில்லை. அந்த நட்டத்துக்கு எனது புத்தகத்தில் கணக்கில்லை.

கார் யாருடையது?

அன்று எனக்கு விளங்காத பாடம் இதுதான். உயிர் பிரிந்த அந்த நேரத்திலேயே கார் ஒருவருடைய சொத்தாக இருப்பது முடிந்து, பலருடைய சொத்தாகிவிடுகிறது. கதவைத் திறந்து நம்மோடு கதைப்பவர் அவர்களில் ஒருவர் மட்டுமே.

நமது மார்க்கத்தில் ஒழுங்கு தெளிவானது. முதலில் ஜனாஸாச் செலவு, அடுத்தது கடன், அதன்பின் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், மிச்சமிருப்பது வாரிசுகளுக்கு. நாட்டின் சட்டமும் இதை ஏற்கிறது. மரண சாசனம் எழுதாமல் இறக்கும் முஸ்லிமின் சொத்து அவரது மத்ஹபின் சட்டப்படியே பங்கிடப்பட வேண்டும் என்று 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். இறந்தவருக்கு மனைவி, இரண்டு ஆண் பிள்ளைகள், ஒரு பெண் பிள்ளை. பெற்றோர் உயிரோடு இல்லை, கடனும் இல்லை. கார் 16 இலட்சம் ரூபா பெறுமதி என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 2 இலட்சம். மீதி 14 இலட்சத்தில் மகன்மாருக்கு ஆளுக்கு 5 இலட்சத்து 60 ஆயிரம், மகளுக்கு 2 இலட்சத்து 80 ஆயிரம். மூத்த மகனோடு மட்டும் கைகுலுக்கிவிட்டு வருபவர், மற்ற மூவரின் 10 இலட்சத்து 40 ஆயிரத்தைக் கேட்காமல் எடுத்து வருகிறார். 1996இல் நான் செய்தது இதைத்தான்.

இன்னும் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். 'வாப்பா இந்தக் காரை எனக்குத்தான் என்று சொன்னார்' என்று ஒரு மகன் சொல்லலாம். வாரிசு ஒருவருக்குச் செய்த வஸிய்யத், மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் செல்லும். அடுத்தது, வாரிசுகளில் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால், அந்தப் பங்கை உம்மாவோ நாநாவோ தம் விருப்பத்துக்கு விற்க முடியாது. சட்டத்தரணியைக் கேட்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அநாதையின் சொத்தைப் பற்றி அல்குர்ஆன் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஓபன் பேப்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறந்தவர் விட்டுச் சென்ற தாளில் நாம் திகதி நிரப்புவது வசதியல்ல, மோசடி. காரின் புக்கில் பெயர் யாருக்கு இருக்கிறது, அடைமானம் ஏதும் பதிந்திருக்கிறதா, எஞ்சின் நம்பரும் செசி நம்பரும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மரணச் சான்றிதழோடும் வாரிசுகள் எல்லோரின் சம்மதத்தோடும் சட்டத்தரணி ஊடாகவே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றுங்கள். நாள் பிடிக்கும். பிடிக்கட்டும்.

எப்போது, யார் மூலம்?

ஜனாஸாவுக்குப் போங்கள், தொழுங்கள், கைகொடுங்கள், வீட்டுக்கு வாருங்கள். கொட்டில் பக்கம் பார்வையும் போகக் கூடாது. 'கார் எப்படி, ஓடுகிறதா?' என்ற ஒரு கேள்வி போதும், வந்த துஆவுக்கு விலைச்சீட்டு ஒட்டியதாகிவிடும்.

கணவனை இழந்த பெண்ணுக்கு இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். அந்தக் காலத்தில் விற்பனை பேசுவது ஹராம் என்று நான் சொல்ல வரவில்லை. சில வீட்டில் கடனுக்காக அவர்களே விற்க வேண்டி வரலாம், அப்போது உதவுவது நல்லது. ஆனால் நாமாகப் போய்ப் பேச்சைத் தொடங்க அது காலமல்ல. துக்கத்தில் இருப்பவர் இரண்டு விதமாகப் பிழை விடுவார். 'கண்ணில் படாமல் போகட்டும்' என்று அரைவிலைக்குக் கொடுப்பார், அல்லது எதையும் யோசிக்க முடியாமல் தலையாட்டுவார். இரண்டும் சம்மதமல்ல. பிறகு மனம் தெளியும்போது நம்மைத்தான் நினைப்பார்கள்.

சொல்லி வைக்க வேண்டுமானால் ஒரே ஒரு முறை, குடும்பத்தின் பெரியவர் ஒருவரிடம், முடிந்தால் எழுத்தில் சொல்லுங்கள். தொலைபேசியில் தகவல் அனுப்பிவிட்டு நீல அடையாளம் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நான் 2023இல், பேருவளைப் பக்கம் ஒரு ஹாஜியார் வஃபாத்தாகி ஒரு மாதம் கழித்து, அவரது மச்சானுக்கு எழுதிய கடிதம் இது:

'அஸ்ஸலாமு அலைக்கும். மர்ஹூம் ஹாஜியார் அவர்கள் எனக்கு நீண்டகால வாடிக்கையாளர் மட்டுமல்ல, எனது நலன் விசாரித்த ஒருவர். அவரது காரைக் குடும்பத்தினர் வைத்திருக்க விரும்பினால் பராமரிப்பில் என்ன உதவி தேவையென்றாலும் சொல்லுங்கள். என்றாவது விற்கும் எண்ணம் வந்தால், விலை தெரிந்துகொள்வதற்காவது என்னோடு ஒரு வார்த்தை கதையுங்கள். இதற்குப் பதில் எழுத வேண்டிய அவசியமில்லை.'

கடைசி வரி முக்கியமானது. பதில் சொல்லும் சுமையையும் அவர்கள் தலையில் ஏற்றக் கூடாது.

நிற்கும் கார் கெடும் என்பதும் உண்மை. பெற்றோல் பழசாகிக் கார்பரேட்டரில் பிசின் பிடிக்கும், பிரேக் சிலிண்டர் இறுகும், டயர் ஒரு பக்கம் தட்டையாகும், பெட்டரி செத்துவிடும். அதைச் சொல்லிப் பயமுறுத்தி வாங்காதீர்கள். அவர்கள் கேட்டால் ஒரு மெக்கானிக்கை அனுப்புங்கள். பெட்டரி வயரைக் கழற்றி, காற்றடித்து, சில்லுக்குக் கட்டை வைத்தால் சில மாதத்தில் ஒன்றும் ஆகாது.

விலையை எப்படிச் சொல்வது?

மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் காரும் இதுதான். ஆகவே மைனர் என்பதற்காக மட்டும் விலை இல்லை. சொந்த எஞ்சினா, ஜப்பான் எஞ்சின் பூட்டியதா? தரைத் தகரமும் பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடமும் துருப்பிடித்திருக்கின்றனவா? முன் சில்லைத் தாங்கும் ட்ரனியனுக்குக் கிரீஸ் அடித்து வந்தார்களா? இவைதான் விலையைத் தீர்மானிக்கும்.

நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது. அந்த வித்தியாசத்தில்தான் எங்கள் இலாபமும் இருக்கிறது, எங்கள் சோதனையும் இருக்கிறது. ஆகவே குறையைச் சொல்லும்போது நிறையையும் சொல்லுங்கள். 'நான் வாங்க விரும்புபவன், எனது விலையை மட்டும் நம்பாதீர்கள், இன்னும் இரண்டு பேரிடம் கேளுங்கள்' என்று வாய் திறந்து சொல்லுங்கள். வேறொருவர் பேசி முடித்த விலைக்கு மேலே போய்க் கெடுக்காதீர்கள். அது நமக்குத் தடுக்கப்பட்டது.

காரை எடுக்கும் நாள்

எடுக்கும் நேரத்தை அவர்களே சொல்லட்டும். எடுக்கு முன் டேஷ்போர்ட் தட்டையும் ஆசனங்களுக்கு அடியையும் டிக்கியையும் குடும்பத்தவர் ஒருவரோடு சேர்ந்து பாருங்கள். மூக்குக்கண்ணாடி, தஸ்பீஹ், மருந்துத் துண்டு, பள்ளிக்கூடக் கட்டண ரசீது என்று எதுவும் இருக்கலாம். நமக்குக் குப்பை, அவர்களுக்கு அமானிதம். ஒழுங்கையில் எஞ்சினை முடுக்காதீர்கள். தள்ளிக்கொண்டுபோய் லொறியில் ஏற்றுங்கள். ஏன் என்று நான் மேலே சொல்லிவிட்டேன்.

பேருவளைக் கார் என்னவானது?

இத்தா முடிந்து ஒரு மாதத்தில் ஹாஜியாரின் மூத்த மகன் அழைத்தார். ஒரு தரகர் துருவைக் காட்டி 7 இலட்சம் கேட்டிருந்தார். 8 கிடைத்தால் போதும் என்பது அவர் எண்ணம். நான் காரைப் பார்த்தேன். துரு மேலோட்டம், எஞ்சின் சொந்தம், புக் சுத்தம். '16 இலட்சம் பெறும், நான் அதற்கு வாங்குவேன். ஆனால் முதலில் உங்கள் உம்மா, தம்பி, தங்கச்சி எல்லோரையும் கேளுங்கள்' என்றேன். எனக்குக் கொழும்பில் ஒரு வாடிக்கையாளர் காத்திருந்தார் என்பதையும் சொல்லி வைக்கிறேன். வாயை மூடிக்கொண்டு 8 இலட்சத்தை எண்ணிக் கொடுத்திருக்கலாம். அன்றிரவு அந்த நினைப்பு வராமலில்லை.

தங்கச்சி மறுத்தார். வாப்பா தன்னைப் பாடசாலைக்குக் கூட்டிப் போன கார், விற்க மாட்டேன் என்றார். 2 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாப் பங்கு, ஆனால் அவரது சொல் முழுக் காருக்கும் போதும். மூத்தவர் சங்கடத்தோடு சொன்னார். நான் 'நல்லது' என்று சொல்லிவிட்டு, கொழும்பு வாடிக்கையாளரிடமும் இல்லை என்று சொன்னேன். அவர் வேறொருவரிடம் வாங்கிக்கொண்டார்.

கார் இன்னும் அவர்கள் கொட்டிலில்தான் நிற்கிறது. இளையவர் வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கு எடுத்துப் போகிறார். பிரேக் சாமானுக்கும் ட்ரனியனுக்கும் எனது கடைக்குத்தான் வருகிறார். வரும்போது உம்மா ஸலாம் சொன்னதாகச் சொல்வார். 1996இல் வீட்டுக்குள்ளிருந்து கேட்ட அழுகைக்கு அது ஈடாகாது. ஆனாலும் அந்த ஸலாமுக்குப் பதில் சொல்லும்போது எனக்குக் குரல் தடுமாறுவதில்லை.