ஒரு பிரின்ட் போட்டுப் பார்த்திருக்கலாம்

42 பிரின்ட். எல்லாம் 12க்கு 18. கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் என் ஸ்டூடியோ அலமாரியில் கட்டாகக் கிடக்கின்றன. கேமரா மாற்றப் போகிறேன் என்று எவர் வந்தாலும் முதலில் அந்தக் கட்டைப் பிரித்துக் காட்டுவேன்.

என் பழைய கேமரா நிக்கான் டி70, 6 மெகாபிக்சல். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, சர்ச் விசேஷம் எல்லாவற்றிலும் அதுதான் எனக்குச் சோறு போட்டது. "இன்னும் அந்த டப்பாவையா வெச்சிருக்க?" என்று பெங்களூரு மச்சான் விசேஷத்துக்கு விசேஷம் கேட்பான். அந்த டப்பாவில் எடுத்த 8க்கு 12 படம் அவன் வீட்டு ஹாலிலேயே தொங்குகிறது. அதில் ஒரு குறையும் அவன் கண்ணில் பட்டதில்லை. ஆனாலும் ரோஷம். மனைவியின் வளையலை அடகு வைத்து 24 மெகாபிக்சல் டி750 வாங்கினேன்.

மெகாபிக்சல் நாலு மடங்கு என்று மயங்காதீர்கள். பழையதில் படத்தின் அகலம் 3008 புள்ளி, புதியதில் 6016. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், 10 அங்குல அகலத்துக்கு வந்த பிரின்ட் 20 அங்குலத்துக்கு வரும். அவ்வளவுதான். தூரத்தில் நின்று பார்க்கிற ஃபிளெக்ஸ் பேனருக்குப் பழையதே போதும்.

நிஜமான லாபம் இருட்டில்தான். பழையதில் ஐஎஸ்ஓ 1600 வைத்தால் மண்டபத்து மூலையெல்லாம் ரவை கொட்டினது போலிருக்கும். புதிய சென்சாரின் பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல். ரா ஃபைலில் எடுத்தால், நிழலில் கிடப்பதைக் கம்ப்யூட்டரில் சுத்தமாகத் தூக்கிவிடலாம்.

அந்தத் தைரியம்தான் என்னைக் கவிழ்த்தது. சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு தொழிலாளர் லைனில், தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர்களை ஒன்றாக நிறுத்தி குரூப் போட்டோ கேட்டார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிய பிறகு பிழைப்புக்காகச் சிதறிய பிள்ளைகளின் ஏற்பாடு. பின்னால் சயனைடு மேடு, அதாவது தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண் குன்று, தெரிய வேண்டுமாம். மாலை வெயிலில் மேடு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி கண்ணைக் கூச வைத்தது. பெரியவர்களோ மர நிழலில். அடியோடு வெளுத்துப்போன இடத்தை எந்த சென்சாரும் மீட்டுத் தராது. அதனால் மேட்டுக்கு எக்ஸ்போஷர் வைத்து, இருட்டிய முகங்களைப் பிறகு தூக்கினேன். திரையில் ஒவ்வொரு நெற்றிச் சுருக்கமும் தெரிந்தது. ஒருவர் புருவத்துக்கு மேலிருந்த பழைய தழும்புகூட.

அந்தப் பூரிப்பில், சாம்பிள்கூடப் போடாமல், மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூரு போய் 42 காப்பியும் போட்டு வந்தேன். கட்டைப் பிரித்த பெரியவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"இன்னாப்பா, ஷாஃப்ட்டுக்குள்ள வெச்சு எடுத்தியா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது.

என் மானிட்டரின் வெளிச்சம் நூற்றுக்கு நூறில் இருந்தது. திரை தானே எரிகிற விளக்கு. காகிதத்துக்குத் தன் மேல் விழுகிற வெளிச்சம்தான் கதி. போதாக்குறைக்கு, லேப் மெஷின் அந்த வெள்ளை மேட்டைப் பார்த்து படமே அதிக வெளிச்சம் என்று கணக்குப் போட்டு, இன்னும் இருட்டாக்கியிருக்கிறது. "ஃபைலே அப்படித்தான் சார்" என்றார் கவுன்டர் பையன். பாதித் தப்பு அவர்களுடையது என்று இன்றைக்கும் சொல்வேன். மறு பிரின்ட் காசு மட்டும் முழுக்க என்னுடையது.

ஆகவே, கேமரா வாங்கும் முன்பே மானிட்டர் வெளிச்சத்தைக் குறையுங்கள். நன்றாக வந்த பழைய பிரின்ட் ஒன்றை, திரையில் திறந்த அதே படத்துக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒத்துப்போகும்வரை குறையுங்கள். லேபில் 'கரெக்‌ஷன் வேண்டாம்' என்று எழுதியே கொடுங்கள், வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை காப்பியானாலும் முதலில் ஒன்று.

அந்த ஒன்றையும் கடை டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டாம் முறை சாம்பிளை அந்தப் பெரியவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். லைன் வீடு, ஒரே பல்பு. மாட்டப்போகிற சுவரில் வைத்துப் பார்த்தால் முகங்கள் இன்னும் ஒரு படி மங்கல். திரும்பப் போய் அந்த ஒரு படியையும் ஏற்றினேன். அடுத்த சாம்பிளில் அவரே தன் தழும்பை விரலால் தொட்டுக் காட்டினார். அதற்குப் பிறகுதான் மற்ற காப்பிகள்.

போன வாரம் மச்சான் போன் செய்தான். 45 மெகாபிக்சல் வந்துவிட்டதாம். வளையல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.