ஆண்டில் பாதி நாள் நீரில் நிற்கும் காடு

தகவமைப்பு என்றதும் ஒட்டகமும் சப்பாத்திக்கள்ளியும் நம் கரும்பலகைக்கு வந்துவிடுகின்றன. வறட்சிக்கு நம்மிடம் எடுத்துக்காட்டுகள் நிறைய. நீர் மிகுதிக்குத் தாமரையைச் சொல்கிறோம். ஆனால் தாமரை எப்போதும் நீரில் வாழ்வது. சில மாதம் தரை, சில மாதம் ஆழ்ந்த நீர் என்று மாறும் இடத்தில் உயிர்கள் என்ன செய்யும்? இதற்கு அமேசான் காட்டைவிட நல்ல பாடம் இல்லை.

பிரேசிலின் மனாஸ் நகரை ஒட்டி ஓடும் ரியோ நீக்ரோ ஆற்றின் நீர்மட்டம் ஆண்டுதோறும் சராசரியாக 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. அதாவது மூன்று மாடி உயரம். ஜூன் மாதத்தை ஒட்டி நீர் உச்சத்தில் இருக்கும். அக்டோபர், நவம்பரில் வடிந்துவிடும். கரையோரக் காடு மாதக்கணக்கில் நீருக்குள் நிற்கும்.

நீர் தேங்கிய மண்ணில் வேருக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. சில மரங்கள் தண்டில் வேற்றிட வேர்களை விடுகின்றன. சில இலைகளை உதிர்த்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன. இந்த ஓய்வால் அவற்றின் தண்டில் ஆண்டு வளையங்கள் உருவாகின்றன. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் வளையம் தெளிவாக இருக்காது; இங்கே வெள்ளமே அதைப் பதிவு செய்கிறது.

பல மரங்கள் வெள்ள காலத்தில்தான் கனி தருகின்றன. அப்போது மீன்கள் காட்டுக்குள் மேய வருகின்றன! தம்பாக்கி என்னும் பெரிய மீன், கடைவாய்ப்பல் போன்ற பற்களால் ரப்பர் விதைகளையும் நொறுக்கித் தின்னும். விழுங்கிய சிறு விதைகள் பல சிதையாமல் வெளியேறித் தொலைவில் முளைக்கின்றன. இளஞ்சிவப்பு ஆற்று ஓங்கிலின் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று இணையாதவை. அதனால் தலையைத் திருப்பி மரங்களுக்கிடையே நீந்துகிறது. மமிரவா காப்பகத்தில் ஜாகுவார்கள் வெள்ள மாதங்களை மரத்திலேயே கழிக்கின்றன.

இங்கே மாணவர்கள், ‘வெள்ளம் வந்ததால் மீன் பல்லை வளர்த்துக்கொண்டது’ என்று எழுதுவார்கள். நாமே பேச்சுவாக்கில் அப்படிச் சொல்லிவிடுகிறோம். எந்த மீனும் விரும்பிப் பல் வளர்க்கவில்லை; பொருத்தமான பல்லுடன் பிறந்தவை அதிகம் பிழைத்து, அதிகச் சந்ததி விட்டன. பல தலைமுறைகளின் விளைவு இது.

அடுத்த செய்தியை விளக்கமாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேளுங்கள். 1980களில் உவாத்துமா ஆற்றில் பல்பினா அணை கட்டப்பட்டது. அதன்பின் அணைக்குக் கீழே, ஆற்றோரத் தாழ்நிலங்களில் நின்ற வெள்ளக்காட்டு மரங்கள் பெருமளவில் பட்டுப்போயின. நீரில் நிற்கப் பழகிய மரங்கள் ஏன் இறந்தன?

‘தண்ணீர் கிடைக்கவில்லை’ என்றே பெரும்பாலும் பதில் வரும். நடந்தது நேர்மாறு. அணை நீரைச் சீராகத் திறந்துவிட்டதால் ஆறு பழையபடி வடியவில்லை. தாழ்ந்த இடங்கள் ஆண்டுக்கணக்கில் மூழ்கியே கிடந்தன. மரங்களுக்கு மூச்சுவிட ஒரு கோடை வேண்டியிருந்தது. அவை பொருந்தியிருந்தது நீருக்கு மட்டுமல்ல, நீர் வந்து போகும் முறைக்கு.

செய்துபார்க்க இரண்டு தொட்டிகளில் பயற்றஞ்செடி போதும். ஒன்றில் வடிதுளையை அடைத்து, மண்ணுக்கு மேல் எப்போதும் நீர் நிற்கச் செய்யுங்கள். இலை நிறம், உயரம், வேர் ஆகியவற்றை இரண்டு வாரம் குறிக்கட்டும். பிறகு ஊர்க் கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரத்தைக் காட்டி, ‘இது எத்தனை மாதம் நீரில் நிற்கிறது?’ என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.